புகைப்படக் கேமரா வீடியோவைத் தாங்குமா? வாங்குமுன் செய்து பார்க்க வேண்டிய சோதனைகள்

புகைப்படம் நன்றாக எடுக்கும் கேமரா வீடியோவையும் நன்றாகவே எடுக்கும் என்று பரவலாக நம்பப்படுகிறது. மெகாபிக்சல் எண்ணிக்கையையும், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ‘4கே’ என்ற குறியையும், கடையில் எடுத்துக் காட்டிய இரண்டு புகைப்படங்களையும் பார்த்துவிட்டுப் பெருந்தொகையைக் கொடுத்துவிடுகிறோம். குறும்படம் எடுக்க ஆசைப்படும் மாணவரும், கல்யாண வீடியோத் தொழிலில் புதிதாகக் கால் வைப்பவரும் தங்கள் சேமிப்பையோ கடனையோ இப்படி ஒரு கருவியில் போடுகிறார்கள். ஆகவே இந்த நம்பிக்கையை நிதானமாக ஆராய்வது அவசியம். ஒரு கேமரா எடுக்கும் புகைப்படத்தின் தரத்தை வைத்து அதன் வீடியோவின் தரத்தைக் கணிக்க முடியாது. இரண்டும் ஒரே லென்ஸ் வழியாக ஒரே சென்சாரில் விழுந்தாலும், விழுந்த பிறகு அவை கடந்துபோகும் வழி வேறு.

இந்தக் குழப்பம் தொடக்கத்திலிருந்தே இருந்து வருகிறது. லென்ஸ் மாற்றக்கூடிய டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமராக்களில் முதன்முதலாக வீடியோ பதிவு செய்த மாடல் நிக்கான் டி90. அது 2008 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே கேனான் 5டி மார்க் 2 அறிவிக்கப்பட்டது. முன்னது 720 வரிசைகள் கொண்ட வீடியோவை ஒரு முறைக்கு ஐந்து நிமிடம் மட்டுமே எடுத்தது; பின்னது 1080 வரிசைகளில் எடுத்தது. 2010இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் ஒரு பகுதி முழுவதும் 5டி மார்க் 2இல் படமாக்கப்பட்ட பிறகு, புகைப்படக் கேமராவிலேயே சினிமா எடுத்துவிடலாம் என்ற ஆர்வம் எங்கும் பரவியது. பின்புலம் மங்கி முகம் மட்டும் துலங்கும் அந்தக் காட்சிகள் உண்மையிலேயே அழகானவை. அதே கேமரா மெல்லிய கோடுகளைக் கண்டால் தடுமாறும் என்பதும், வேகமாகத் திருப்பினால் கட்டடங்களைச் சாய்த்துக் காட்டும் என்பதும் அந்த ஆர்வத்தில் அமுங்கிப்போயின. இன்றைய கேமராக்கள் வெகுதூரம் முன்னேறியிருந்தாலும், அந்தக் குறைகளுக்கு அடிப்படையான காரணங்கள் மாறவில்லை.

ஒரு படமும் ஓடும் படமும்

வீட்டுக்கு வந்த ஒரு விருந்தாளிக்குச் சமைப்பதும் கல்யாணப் பந்திக்குச் சமைப்பதும் ஒரே வேலை அல்ல என்பதை நாம் அறிவோம். ஒருவருக்கு என்றால் நேரம் எடுத்துக்கொண்டு, பக்குவம் பார்த்து, கடைசியில் ஒரு முறை சுவைத்தும் பரிமாறலாம். பந்தியிலோ சோறு வந்து முடிவதற்குள் சாம்பார் வர வேண்டும். ஒரு வாளி தாமதித்தால் வரிசை முழுவதும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மூன்றாவது பந்தி வரை அடுப்பும் ஆட்களும் தாங்க வேண்டும். அந்தச் சமையற்காரரின் ஒரு கரண்டி ரசம் அமிர்தமாக இருந்தாலும், அவரால் பந்தியை நடத்த முடியுமா என்பதை அது சொல்லாது.

கேமராவில் நடப்பதும் இதுவே. லென்ஸ் வழியாக வரும் ஒளியை மின்குறிகளாக மாற்றும் தகடுதான் சென்சார். அந்தத் தகட்டில் அடுக்கப்பட்டுள்ள நுண்ணிய ஒளிப்புள்ளிகள் பிக்சல்கள். வீடியோ என்பது அடுத்தடுத்து எடுக்கப்படும் அசையாப் படங்களின் தொடர். அந்த ஒவ்வொரு படத்துக்கும் ஃப்ரேம் என்று பெயர். நொடிக்கு 25 ஃப்ரேம் வேண்டுமானால், 40 மில்லிநொடிக்கு ஒரு முறை கேமரா சென்சாரைப் படித்து, தேவையான அளவுக்குச் சுருக்கி, வண்ணம் சேர்த்து, கோப்பாக அமுக்கி, மெமரி கார்டில் எழுதி முடித்திருக்க வேண்டும். இது ஒரு மணி நேரம் நடந்தால் 90,000 முறை நடக்க வேண்டும்.

இதன் பளுவை ஒரு கணக்கு காட்டும். 24 மெகாபிக்சல் சென்சாரில் 2 கோடியே 40 லட்சம் பிக்சல்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் நல்ல புகைப்படத்துக்குரிய 14 பிட் நுணுக்கத்தில் படித்தால், நொடிக்கு 25 முறைக்கு ஏறத்தாழ 1,050 மெகாபைட் தரவு வெளிவரும். பல கேமராக்கள் 4கே வீடியோவுக்குக் கார்டில் எழுதும் அளவோ நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்தான். எண்பதில் ஒரு பங்குகூட எஞ்சுவதில்லை; மற்றதெல்லாம் வழியிலேயே கழிக்கப்படுகிறது. அந்தக் கழிவை எங்கே, எவ்வளவு திறமையாகச் செய்கிறது என்பதில்தான் ஒரு கேமரா இன்னொன்றிலிருந்து வேறுபடுகிறது.

சுருங்கச் சொன்னால், புகைப்படம் சென்சாரின் திறனைக் காட்டுகிறது. வீடியோ அந்தச் சென்சாருக்குப் பின்னால் இருக்கும் அனைத்தின் வேகத்தையும் தாங்குதிறனையும் காட்டுகிறது. இனி வரும் சோதனைகள் ஒவ்வொன்றும் இந்தப் பாதையின் ஒரு கட்டத்தைப் பரிசோதிப்பவை.

சென்சாரில் எவ்வளவு பயன்படுகிறது?

4கே என்று சாதாரணமாகச் சொல்லப்படும் வீடியோவில் அகலவாக்கில் 3840, உயரவாக்கில் 2160 பிக்சல்கள் உள்ளன. மொத்தம் 83 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே 24 மெகாபிக்சல் சென்சாரிலிருந்து அந்த அளவுக்கு இறங்கக் கேமராவுக்கு மூன்று வழிகள் உண்டு. சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் படிக்கலாம்; இதற்கு கிராப் என்று பெயர். முழு அகலத்தையும் வைத்துக்கொண்டு, இடையிடையே சில வரிசைகளைப் படிக்காமல் தாண்டிவிடலாம். இது வரிசை தாண்டல். எல்லாப் பிக்சல்களையும் படித்துவிட்டு, பிறகு கணக்கிட்டுச் சுருக்கலாம். இதை ஓவர்சாம்ப்ளிங் என்கிறார்கள். மூன்றாவது வழியில் கிடைக்கும் வீடியோவே மிகத் தெளிவானது. கேமராவுக்கு மிகக் கடினமானதும் அதுவே.

கிராப் இருக்கிறதா என்று அறிய ஓர் அளவுநாடா போதும். அதைச் சுவரில் கிடைமட்டமாக ஒட்டி, கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, ஒரு புகைப்படமும் சில நொடி வீடியோவும் எடுக்க வேண்டும். புகைப்படத்தில் 100 சென்டிமீட்டர் தெரிந்து, வீடியோவில் 60 மட்டும் தெரிந்தால், கிராப் ஏறத்தாழ 1.67 மடங்கு. வீடியோவின் சட்டகம் புகைப்படத்தைவிடக் குட்டையானது என்பதால் மேலும் கீழும் சிறிது வெட்டுப்படுவது இயல்பு. அகலத்தை மட்டும் ஒப்பிட வேண்டும். 2018இல் வந்த கேனான் இஓஎஸ் ஆர் கேமராவில் 4கே பதிவின்போது கிராப் 1.7 மடங்குக்கும் மேல் இருந்தது. அதில் 24 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தினால், 41 மில்லிமீட்டர் லென்ஸில் பார்ப்பதுபோலக் காட்சி குறுகிவிடும். சிறிய வீட்டுக்குள் நிச்சயதார்த்தம் எடுப்பவர் பின்னால் நகர இடமில்லாமல் சுவரில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். சில கேமராக்கள் 25 ஃப்ரேமில் முழு அகலத்தைத் தந்துவிட்டு, 50 ஃப்ரேமுக்கு மாற்றினாலோ மின்னணு ஆட்டத்தடுப்பை இயக்கினாலோ கிராப் செய்யும். ஆகையால் நீங்கள் பயன்படுத்தப்போகும் ஒவ்வோர் அமைப்பிலும் அளவுநாடாவை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

வரிசை தாண்டலைக் கண்டுபிடிக்க மிக மெல்லிய, ஒழுங்கான கோடுகள் வேண்டும். 5டி மார்க் 2இன் சென்சார் 5616க்கு 3744 பிக்சல்கள் கொண்டது. 1080 வரிசை வீடியோவுக்காக அது ஏறத்தாழ மூன்று வரிசைக்கு ஒன்றையே படித்தது. விடுபட்ட வரிசைகளில் விழுந்த கோடுகள் காணாமல் போகும்போது, மீதி இருப்பவை ஒன்றோடொன்று பிணைந்து, இல்லாத அலைகளையும் பொய் வண்ணங்களையும் உண்டாக்கும். இந்தத் தோற்றத்துக்கு மோரே என்று பெயர். நெருக்கமான சிறு கட்டங்கள் போட்ட சேலை, கொசுவலை, தூரத்து ஓட்டுக் கூரை ஆகியவற்றை எடுத்தபடியே கேமராவை மிக மெதுவாக நகர்த்திப் பாருங்கள்; கோடுகள் நெளிந்து ஊர்ந்தாலோ சாம்பல் நிற வலையில் மஞ்சளும் ஊதாவும் தோன்றினாலோ, அந்தக் கேமரா பிக்சல்களைத் தாண்டுகிறது. பட்டுச் சேலைகளே காட்சியின் பெரும்பகுதியாக அமையும் கல்யாண வேலைக்கு இது சிறிய குறை அல்ல. எடிட்டிங்கில் முழுமையாகச் சரிசெய்யவும் முடியாது.

சாயும் தூண்கள்: ரோலிங் ஷட்டர்

இந்தத் துறையில் மிக அதிகமாகப் பேசப்பட்டும் மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்பட்டும் இருக்கும் விஷயம் இதுதான் என்பதால், சற்று விரிவாகப் பார்ப்போம்.

பெரும்பாலான கேமராக்கள் சென்சாரின் எல்லாப் பிக்சல்களையும் ஒரே கணத்தில் படிப்பதில்லை. மேல் வரிசையில் தொடங்கி, ஒவ்வொரு வரிசையாகக் கீழே இறங்கிப் படிக்கின்றன. இவ்வாறு வரிசை வரிசையாகப் படிக்கும் முறைக்கு ரோலிங் ஷட்டர் என்றும், முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே கழியும் நேரத்துக்கு வாசிப்பு நேரம் என்றும் பெயர். வாசிப்பு நேரம் 25 மில்லிநொடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஃப்ரேமின் உச்சியில் தெரிவது ஒரு கணம். அடியில் தெரிவது அதற்கு 25 மில்லிநொடி பிந்திய கணம். அசையாத காட்சியில் இதனால் ஒன்றும் ஆகாது. கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு தூண் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரு நொடியில் கடக்குமாறு செய்தால், அந்த 25 மில்லிநொடிக்குள் தூண் 96 பிக்சல் தூரம் நகர்ந்திருக்கும். அதாவது தூணின் அடி அதன் உச்சியைவிட 96 பிக்சல் தள்ளிப் பதிவாகி, தூண் இரண்டரை டிகிரி சாய்ந்து தெரியும். இரு மடங்கு வேகத்தில் திருப்பினால் சாய்வு ஏறத்தாழ ஐந்து டிகிரி ஆகும். ஓடும் பைக்கிலிருந்து எடுத்தால் இடமும் வலமும் மாறி மாறி ஆட்டம் ஏற்படுவதால், காட்சி முழுவதும் கூழைப்போலத் தளதளக்கும்.

ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் இது சரியாகிவிடும் என்பது பலரும் சொல்லும் தவறான அறிவுரை. ஷட்டர் வேகம் என்பது ஒவ்வொரு வரிசையும் எவ்வளவு நேரம் ஒளியைச் சேர்க்கிறது என்பது. வாசிப்பு நேரம் என்பது வரிசைகளுக்கிடையே உள்ள தாமதம். முன்னதை 1/4000 நொடியாகக் குறைத்தாலும் பின்னது 25 மில்லிநொடியாகவே இருக்கும். உண்மையில், மங்கல் குறைந்து தூண் கூர்மையாகத் தெரிவதால், அதன் சாய்வு இன்னும் அப்பட்டமாகப் புலப்படும். புகைப்படம் எடுக்கும்போது இந்தச் சிக்கலிலிருந்து பெரிதும் காப்பாற்றும் இயந்திர ஷட்டர், வீடியோவின்போது திறந்தபடியே இருக்கும். அது இங்கே எந்த வேலையும் செய்வதில்லை.

வாசிப்பு நேரத்தை வீட்டிலேயே அளக்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது. இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது; ஒவ்வொரு சுழற்சியிலும் விளக்கு இரண்டு முறை உச்சம் அடைவதால், பழைய சோக்கு போட்ட டியூப்லைட்டும் விலை குறைந்த சில எல்ஈடி பல்புகளும் நொடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்கும். நம் கண்ணுக்கு அது தெரியாது. அத்தகைய விளக்கின் ஒளி மட்டும் விழும் வெள்ளைச் சுவரைச் சட்டகம் முழுவதும் நிரப்பி, ஷட்டர் வேகத்தை 1/2000 நொடிக்கு வைத்து, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவைத் தேவையான அளவு உயர்த்தி வீடியோ எடுத்தால், திரையில் கிடைமட்டமாக வெளிச்சப் பட்டைகளும் இருட்டுப் பட்டைகளும் மாறி மாறித் தோன்றும். ஒரு வெளிச்சப் பட்டையும் ஓர் இருட்டுப் பட்டையும் சேர்ந்த ஒரு இணை 10 மில்லிநொடியைக் குறிக்கிறது. ஒரு ஃப்ரேமை நிறுத்தி வைத்து, உயரம் முழுவதிலும் எத்தனை இணைகள் உள்ளன என்று எண்ணினால் போதும்: இரண்டரை இணைகள் என்றால் வாசிப்பு நேரம் 25 மில்லிநொடி, ஒன்று கூட முழுமையாக இல்லையென்றால் 10 மில்லிநொடிக்கும் குறைவு. பட்டையே தெரியாவிட்டால் அந்த விளக்கு மினுங்காத வகையைச் சேர்ந்தது. வேறு விளக்கைத் தேட வேண்டும்.

என் கணிப்பில், 10 மில்லிநொடியை ஒட்டி இருப்பது எந்த வேலைக்கும் போதுமானது. 20 வரை கவனமாகக் கையாண்டால் குறை தெரியாது. 30க்கு மேல் போனால் முக்காலியில் வைத்து எடுக்கும் நேர்காணலுக்குத்தான் பொருந்தும். இந்த அளவீட்டை 4கே, 1080 ஆகிய இரண்டிலும் செய்ய வேண்டும். எல்லாப் பிக்சல்களையும் படிக்கும் ஓவர்சாம்ப்ளிங் முறையில் படம் தெளிவாக இருக்கும், வாசிப்பு நேரமோ நீளும்; வரிசை தாண்டும் முறையில் இதற்கு நேர்மாறாக நடக்கும். தெளிவும் வேகமும் ஒரே கேமராவில் வேண்டுமானால் வேகமாக வாசிக்கக்கூடிய விலையுயர்ந்த சென்சார் தேவை. 2021இல் வந்த நிக்கான் இசட்9 அத்தகைய வேகம் கிடைத்ததால் இயந்திர ஷட்டரையே கைவிட்டது. எல்லாப் பிக்சல்களும் ஒரே கணத்தில் ஒளியைச் சேர்த்து முடிக்கும் குளோபல் ஷட்டர் என்ற முறை, 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 3 மூலமாக முழுஃப்ரேம் மிரர்லெஸ் கேமராவுக்கு, அதாவது பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவுச் சென்சார் கொண்ட, உள்ளே கண்ணாடி இல்லாத கேமராவுக்கு வந்தது. அங்கே தூண் சாய்வதே இல்லை.

கல்யாண வேலைக்காக வாங்குபவர்கள் இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். பக்கத்தில் நிற்கும் புகைப்படக்காரரின் ஃப்ளாஷ் மிகச் சிறிய நேரமே மின்னி மறையும். அந்தக் கணத்தில் ஒளியைச் சேர்த்துக்கொண்டிருந்த வரிசைகளில் மட்டுமே அது பதிவாகும். ஆகவே ஒரு ஃப்ரேமில் பாதி வெளுத்தும் பாதி இயல்பாகவும் இருக்கும். வேறொரு கேமராவின் ஃப்ளாஷை அடித்தபடி சில நொடி பதிவு செய்தால், தாலி கட்டும் நேரத்தில் காட்சி எப்படி இருக்கும் என்பது தெரிந்துவிடும்.

இந்தப் பகுதியிலிருந்து நினைவில் கொள்ள வேண்டியவை இரண்டு. சாய்வுக்கும் தளதளப்புக்கும் காரணம் வாசிப்பு நேரம். அதை விளம்பரத் தாளில் அச்சிடுவது அரிது என்றாலும், ஒரு டியூப்லைட்டைக் கொண்டு நாமே அளந்துகொள்ளலாம்.

விளக்கின் மினுக்கமும் ஷட்டர் வேகமும்

மேலே அளவுகோலாக உதவிய அதே மினுக்கம், அன்றாடப் படப்பிடிப்பில் தொல்லையாக மாறும். நொடிக்கு 100 முறை மின்னும் விளக்கின் கீழே 1/50 நொடி ஷட்டர் வேகத்தில் ஒவ்வொரு வரிசையும் சரியாக இரண்டு மின்னல்களைச் சேர்க்கும். 1/100 நொடியில் சரியாக ஒன்றைச் சேர்க்கும். 1/60 நொடியில் ஒன்றும் முக்காலுக்குச் சற்றுக் குறைவுமாகச் சேர்வதால், வரிசைக்கு வரிசை வெளிச்சம் மாறி, பட்டைகள் மேலும் கீழும் உருளும். கேமராவின் மெனுவில் என்டிஎஸ்சி (NTSC), பால் (PAL) என்ற இரு தொலைக்காட்சி முறைகளுக்கான தேர்வில் பால் என்பதை வைத்து, 25 ஃப்ரேமும் 1/50 நொடியும் அமைத்தால் நம் ஊர் விளக்குகளில் பெரும்பாலானவை அடங்கிவிடும். மேடைப் பின்புலத்தில் வைக்கும் எல்ஈடி திரைகள் வேறு வேகத்தில் மின்னுவதால், ஷட்டர் வேகத்தை மிகச் சிறிய படிகளாக மாற்றும் வசதி கேமராவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அமுக்கும்போது தொலைந்துபோவது

கார்டில் எழுதுமுன் வீடியோ அமுக்கப்படுகிறது. நொடிக்கு எவ்வளவு தரவு எழுதப்படுகிறது என்ற அளவுக்கு பிட்ரேட் என்று பெயர். அதை மெகாபிட்டில் சொல்வார்கள். எட்டு மெகாபிட் சேர்ந்தது ஒரு மெகாபைட். ஆகவே 100 மெகாபிட் பிட்ரேட் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட், நிமிடத்துக்கு 750 மெகாபைட், மணிக்கு 45 ஜிகாபைட்.

பெரும்பாலான கேமராக்கள் பயன்படுத்தும் எச்.264, எச்.265 ஆகிய முறைகள், சில ஃப்ரேம்களை முழுமையாகவும் இடையில் உள்ளவற்றை முந்தியதிலிருந்து மாறிய பகுதிகளாகவும் சேமிக்கக்கூடியவை. அசையாத சுவருக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து பேசும்போது மாறுவது குறைவு என்பதால் எந்தக் கேமராவும் சமாளித்துவிடும். கடையில் காட்டுவதும் பெரும்பாலும் இத்தகைய காட்சியே. காற்றில் அசையும் வேப்பமரம், கடலலை, மணமக்கள் மேல் ஒரே நேரத்தில் விழும் அட்சதையும் பூவிதழும் என்று எல்லா இடமும் ஒன்றாக மாறும்போதுதான் சோதனை தொடங்குகிறது. இலைகள் பச்சைச் சேறாகக் குழைந்தாலோ சிறு சதுரங்கள் தோன்றினாலோ பிட்ரேட் போதவில்லை.

வண்ணப் படிகளையும் பார்க்க வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் எத்தனை படிகளாகப் பிரித்துப் பதிவு செய்கிறது என்பது பிட் ஆழம். 8 பிட்டில் 256 படிகள். 10 பிட்டில் 1024 படிகள். எடுத்ததை அப்படியே பயன்படுத்துபவருக்கு 8 பிட் போதும். வண்ணத்தை எடிட்டிங்கில் பெரிதாக மாற்றுபவர், மாலை வானத்தை எடுத்து, மாறுபாட்டை (கான்ட்ராஸ்ட்) கூட்டிப் பார்க்க வேண்டும். வானம் சீராக மங்காமல் படிக்கட்டுகளாகப் பிரிந்தால் அந்தக் கேமராவின் வண்ணப் படிகள் அவருக்குப் போதாது.

மெமரி கார்டின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் வேகம் பெரும்பாலும் படிக்கும் வேகம். வீடியோவுக்குத் தேவை இடைவிடாமல் எழுதும் வேகம். அதைக் காட்டுவது வி30, வி60, வி90 என்ற குறிகள். வி30 என்றால் நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட், அதாவது 240 மெகாபிட். 400 மெகாபிட்டில் எழுதும் கேமராவுக்கு வி60 வேண்டும். கார்டு பின்தங்கினால் பதிவு நடுவிலேயே நின்றுவிடும் என்பதால், சோதனைக்குச் செல்லும்போது நீங்கள் பயன்படுத்தப்போகும் கார்டையே கொண்டுசெல்ல வேண்டும்.

ஃபோகஸும் ஒலியும்

புகைப்படத்தில் ஃபோகஸ் ஒரு முறை சரியாகப் பொருந்தினால் போதும். வீடியோவில் அது ஆளைத் தொடர்ந்து போக வேண்டும். போகும் விதமும் பார்ப்பவருக்குத் தெரியும். படத்தின் கூர்மை கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்து மட்டும் ஃபோகஸைத் தேடும் கேமரா, உச்சத்தைத் தாண்டிச் சென்று திரும்பி வந்துதான் நிற்கும். அந்தத் தடுமாற்றம் பதிவிலும் இருக்கும். எந்தத் திசையில் எவ்வளவு நகர வேண்டும் என்பதைச் சென்சாரிலேயே அறியும் முறைக்குப் ஃபேஸ் டிடெக்‌ஷன் என்று பெயர். 2013இல் கேனான் 70டி கொண்டுவந்த டூயல் பிக்சல் அமைப்பு இதன் நல்ல வடிவம். சோதிப்பதற்கு, லென்ஸின் துளையை முழுவதும் திறந்து வைத்து, ஒருவரைக் கேமராவை நோக்கி நடந்துவரச் சொல்லுங்கள். பிறகு ஒரு தூணுக்குப் பின் மறைந்து வெளிவரச் சொல்லுங்கள். மறைந்த கணத்தில் பின்புலத்துக்குத் தாவாமல், முகம் திரும்பியதும் அவசரமின்றி மீண்டும் பிடித்தால் நல்லது.

ஒலியைச் சோதிப்பதைப் பெரும்பாலானோர் மறந்தே விடுகிறார்கள். கேமராக்களில் ஒலியின் அளவைத் தானாகவே ஏற்றி இறக்கும் வசதி உண்டு. அது தானியங்கி ஒலிச்சமன். சில வாக்கியங்கள் பேசி, பத்து நொடி அமைதியாக இருந்து, மீண்டும் பேசிப் பதிவு செய்து, ஹெட்போனில் கேளுங்கள். அமைதியில் ‘உஸ்’ என்ற இரைச்சல் மெல்ல ஏறி, பேசத் தொடங்கியதும் சட்டென்று அடங்கினால், அந்த வசதி வேலை செய்கிறது என்று பொருள். அதை நிறுத்திவிட்டு அளவைக் கையால் அமைக்க முடியுமா, வெளி மைக்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனித் துளைகள் உள்ளனவா என்பதைப் பார்க்க வேண்டும். 5டி மார்க் 2 வெளிவந்தபோது ஒலியைக் கையால் அமைக்கும் வசதியே அதில் இல்லை; 2010இல் மென்பொருள் புதுப்பிப்பு வழியாகத்தான் வந்தது.

வெப்பமும் நேரமும்

பந்தி மூன்றாம் சுற்றைத் தாங்குமா என்பது இங்கேதான் தெரியும். இடைவிடாமல் படிக்கும் சென்சாரும், அமுக்கும் செயலியும், எழுதப்படும் கார்டும் சூடாகிக்கொண்டே போகும். நீரும் தூசியும் புகாதபடி இறுக்கமாக மூடப்பட்ட சிறிய உடலில் அந்தச் சூடு வெளியேற வழி குறைவு. ஆட்டத்தைத் தடுப்பதற்காகச் சென்சாரை அசையும்படி அமைத்திருக்கும் கேமராக்களில், அது உடலோடு இறுகப் பொருந்தியிருக்காததால் சூட்டைக் கடத்துவது இன்னும் கடினம். எல்லையைத் தாண்டினால் கேமரா தன்னைக் காத்துக்கொள்ளப் பதிவை நிறுத்திவிடும்.

2020இல் வெளிவந்த கேனான் ஆர்5, 4கேயைப்போல நான்கு மடங்கு பிக்சல்கள் கொண்ட 8கே வீடியோவை ஏறத்தாழ 20 நிமிடம் எடுக்கும் என்று நிறுவனமே அறிவித்தது. அந்தக் கணக்கு 23 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எடுக்கப்பட்டது. சென்னையின் மே மாத மதியம் சாதாரணமாக 37 டிகிரியை எட்டும். விளம்பரத் தாளில் உள்ள நிமிடங்கள் நம் வெயிலுக்கானவை அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல வேண்டியதில்லை. இதே கேமராவின் உள்ளே விசிறி வைத்து, ஆர்5 சி என்ற மாடலை அந்நிறுவனம் 2022இல் தனியாகவே வெளியிட்டது.

ஆகையால் இந்தச் சோதனையைக் குளிரூட்டிய கடைக்குள் செய்தால் பயனில்லை. ஏசி இல்லாத அறையில், நீங்கள் பயன்படுத்தப்போகும் மிக உயர்ந்த அமைப்பில், முழுச் சார்ஜ் உள்ள பேட்டரியுடன் பதிவைத் தொடங்கி, அது தானாக நிற்கும் வரை விட்டுவிட வேண்டும். வெப்ப எச்சரிக்கை எப்போது வந்தது, பதிவு எப்போது நின்றது என்று குறித்துக்கொண்டு, பத்து நிமிடம் ஓய்வு கொடுத்து மீண்டும் தொடங்க வேண்டும். இந்த இரண்டாம் முறை கிடைக்கும் நேரத்தையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். நாள் முழுவதும் நடக்கும் படப்பிடிப்பில் கேமரா ஒருபோதும் முழுமையாகக் குளிர்ந்த நிலையிலிருந்து தொடங்குவதில்லை.

பதிவு 29 நிமிடம் 59 நொடியில் நின்றால் அதற்கு வெப்பம் காரணம் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க விதிகளில் 30 நிமிடமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதிவு செய்யும் கருவி வீடியோ கேமராவாகக் கருதப்பட்டு முன்பு வரிக்கு உள்ளானது என்பதால், புகைப்படக் கேமராக்களை ஒரு நொடி முன்னதாகவே நிறுத்தும்படி செய்திருந்தார்கள். புதிய மாடல்கள் பலவற்றில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. பழைய கேமராவை இரண்டாம் கையாக வாங்குபவர்கள் கச்சேரியோ நாடகமோ எடுக்க நினைத்தால் இதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். 32 ஜிகாபைட் வரையிலான கார்டுகளில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது என்பதால், 100 மெகாபிட்டில் ஆறு நிமிடத்துக்குள்ளேயே கோப்பு இரண்டாகப் பிரியும். பதிவு ஓடும்போது ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணிக்கொண்டே இருந்து, பின்னர் பிரிந்த கோப்புகளை எடிட்டிங்கில் ஒட்டிக் கேட்டால், இடையில் ஏதேனும் விடுபட்டதா என்பது தெரிந்துவிடும்.

கடையில் அரை மணி நேரமே கிடைத்தால்

எல்லாச் சோதனைகளையும் ஒரே இடத்தில் செய்ய இயலாது. எதை முதலில் செய்வது என்பது நீங்கள் எதை எடுக்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கல்யாண வேலைக்கு வாங்குபவர் சேலையையும் ஃப்ளாஷையும் ஃபோகஸையும் முதலில் பார்க்கட்டும். ஓடியாடி எடுக்கும் பயண வீடியோவுக்கு வாசிப்பு நேரமும் ஆட்டத்தடுப்பும் முக்கியம். அகலக் காட்சி லென்ஸுடன் நடந்துகொண்டே எடுத்து, படத்தின் மூலைகள் மட்டும் தனியாக நெளிகின்றனவா என்று கவனிக்க வேண்டும். நேர்காணலும் வகுப்பும் எடுப்பவருக்கு ஒலியும் வெப்பமும் போதும். ரோலிங் ஷட்டருக்காக அவர் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. வெப்பச் சோதனையைக் கடையில் செய்ய முடியாது என்பதால், அது முக்கியமானவர்கள் அந்தக் கேமராவை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பதே சரி. வாடகைத் தொகை கேமராவின் விலையோடு ஒப்பிட்டால் சிறியது.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் என்ன அமைப்பில் எடுக்கிறீர்கள் என்பதை வாயால் சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு எந்தக் கோப்பு எது என்ற குழப்பம் வராது. கேமராவின் பின்புறத் திரையில் எல்லா வீடியோவும் அழகாகவே தெரியும். மோரேயும் குழைந்த இலைகளும் படிக்கட்டு வானமும் அந்தச் சிறிய திரையில் ஒளிந்துகொள்ளும். ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் கார்டை எடுத்துச் சென்று, கணினியின் பெரிய திரையில், ஒரு பிக்சலுக்கு ஒரு பிக்சல் என்ற முழு அளவில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.